செருப்பைத் தேடாதீங்க

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். நீங்கள் நலமா? உங்கள் தொண்டை நலமா? உங்களுக்கு எழுதினால் இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று அம்மா முன்பு சொல்வாள். குரல் கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு உடம்பு வேறு, தொண்டை வேறாம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். சில வரிகளுக்கு ஒருமுறை அது கத்த ஆரம்பிக்கும். உடனே மூடிவிட்டுத் திறக்க வேண்டும். அதனால் என் எழுத்து அங்கங்கே நடுங்கினால் அது முழுக்க என் குற்றமில்லை.

தெருவுக்கே நெட் கொடுக்கிற வீட்டிலிருந்து தபால் வருகிறதே என்று சிரிக்காதீர்கள். வழக்கு முடியும்வரை போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு வரி எழுதக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். ஆமாம் அத்தை, அப்பா மேல் வழக்கு. போட்டிருப்பது நீங்கள் குரல் கொடுக்கிற படக் கம்பெனிதான்.

போன வருடத்திலிருந்தே எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. உங்கள் இணைப்பு வழியாக இன்னின்ன வீடுகள் எங்கள் புதுப்படங்களைத் திருடிப் பார்க்கின்றன, அந்த வீடுகளை வெட்டுங்கள் என்று. அப்பா வெட்டவில்லை. இப்போது, திருடியவர்களுக்கு வழி விட்ட நீதான் நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். தோற்றால் கடை, கம்பி, ஏணி எல்லாம் போய்விடும். அப்பா இரவில் எழுந்து கடைப் பெட்டிகளின் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்களும் அப்பாவும் பேசி மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தேன். நீங்கள் முதல்முறையாகக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த படம். வெளியான அன்றே எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் இணைப்பை வெட்டச் சொன்னீர்கள். அப்பா மாட்டேன் என்றார். "என் குரலைத் திருடறவனுக்கு நீ கம்பி இழுத்துக் குடுக்கிற"ன்னு சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனீர்கள்.

உங்கள் கம்பெனியில் யாரிடமாவது பேச முடியுமா? பதிலை என் தோழி கோந்து வீட்டு முகவரிக்குப் போடுங்கள். என்னோடு ஒட்டிக்கொண்டே திரிவாளே, அவள்தான். உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என்ன சொல்வாரோ.

தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்துடன்,
சுண்டெலி

பின்குறிப்பு: உங்கள் ஊர் வானொலியில் 'வீட்டுத்திரை' விளம்பரம் இன்னும் வருகிறதா? சும்மா கேட்டேன்.

—

ஜூன் 20

செல்லச் சுண்டெலிக்கு,

அத்தை எழுதுவது. உடம்பு நலம். தொண்டையும் நலம், நேற்று ஒரு சூனியக்காரிக்கும் இரண்டு பல்பொடிகளுக்கும் குரல் கொடுத்தது. ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் எழுதாதே, கண் கெட்டுவிடும். கரண்ட் பில்லைப் பார்த்து உன் அம்மாவும் கெட்டுவிடுவாள்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் அப்பாவைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் கதாநாயகி அழும் காட்சி ஒன்று இருக்கிறது. அதற்காக ஒரு பகல் முழுக்க அழுதேன். சாயங்காலம் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் குரல் வரவில்லை. படம் ஒரு வாரம் ஓடியது. அந்தத் தயாரிப்பாளர் அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை. அவரிடம் விளக்குப் பிடித்தவர் இப்போது பேருந்து ஓட்டுகிறார். இதெல்லாம் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது?

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று உன் அப்பாவுக்குத் தெரியாது என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் 'இந்த வீடு' என்று காட்டிக் கடிதம் வந்த பிறகும் அதே வீட்டில் மாதச் சந்தா வாங்குவது என்ன நியாயம்? தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தும் சும்மா இருப்பது வேறு.

கம்பெனியில் பேச எனக்கு யாரையும் தெரியாது. நான் மைக் முன்னால் நிற்பவள். மாடி அறைகளில் இருப்பவர்களுக்கு என் முகம் தெரியாது.

'வீட்டுத்திரை'யை எப்போதோ மூடிவிட்டார்கள். காசு கட்டி வீட்டில் புதுப்படம் பார்க்க ஆள் சேரவில்லை. விளம்பரமே சில நாட்கள்தான் வந்தது. நீ எதையும் சும்மா கேட்கிறவள் இல்லை. எதையோ மென்று விழுங்கியிருக்கிறாய். துப்பு.

நன்றாகப் படி, நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
அத்தை

—

ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கோந்து அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். நீங்களும் தொண்டையும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நான் நலமாக இல்லை. துப்பிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நீங்கள் கேட்டதையே நானும் அப்பாவிடம் கேட்டேன், என் கேள்வி மாதிரி. அப்பா ஏணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தையல்காரம்மா வீட்டை எடுத்துக்கோ. படம் இறக்கறது யாரு? கட்டில்ல படுத்திருக்கிற அவங்க மாப்பிள்ளை. லைனை வெட்டினா அவனுக்கு என்ன, திரும்பிப் படுத்துப்பான். அந்தம்மாவுக்குத் தைக்க ஆர்டர் வர்றது அதுல. அவங்க பொண்ணு படிக்கிறது அதுல. அவன் ஒருத்தன் செஞ்சதுக்கு வீட்டையே இருட்டாக்கவா? கம்பெனி சொன்னா போதுமா? ஒரு ஜட்ஜு சொல்லட்டும், அன்னிக்கே வெட்டறேன்."

இப்போது நான் விழுங்கியது.

ஆறு மாதத்துக்கு முன் அப்பா கடைக்கு விளம்பரச் சீட்டு அடித்தார். மஞ்சள் தாள். "மேல ஒரு நல்ல வரி வேணும், நீதான் கட்டுரைல பரிசு வாங்குவியே" என்று என்னிடம் கொடுத்தார். நான் எழுதியது: 'புதுப்படமா? செருப்பைத் தேடாதீங்க, சோபாவைத் தேடுங்க!' எல்லா வீட்டிலும் அந்தச் சீட்டு போனது. கம்பெனி வக்கீல் கையிலும் போய்விட்டது.

வெறும் கம்பி கொடுத்ததற்காக அப்பாவைத் தண்டிப்பது கஷ்டமாம். ஆனால் 'வாங்க, திருடிப் பாருங்க' என்று ஆள் கூப்பிட்டிருந்தால் தப்பவே முடியாதாம். அந்த வரிதான் ஆள் கூப்பிட்டது என்கிறார்கள். வக்கீலம்மா அப்பாவிடம் "இதை யாரு எழுதினது?" என்று கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா யோசிக்கவே இல்லை. "நான்தான்" என்றார். கோர்ட்டிலும் அப்படியே சத்தியம் செய்யப் போகிறார். எனக்காகப் பொய்ச் சத்தியம்.

அத்தை, அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. நீங்கள் இங்கே வருவதில்லை, போனும் பண்ணுவதில்லை. அதனால் தினமும் படுக்கப் போகும் முன் பழைய போனில் உங்கள் ஊர் வானொலியை வைத்துக் கேட்பேன். செய்திக்கும் பாட்டுக்கும் நடுவில் எப்போதாவது நீங்கள் வருவீர்கள். பல்பொடியாக, சோப்பாக, ஒருமுறை கொசுவாக. 'வீட்டுத்திரை'யாக வந்தபோது அந்த வரியைச் சொன்னீர்கள். கேட்டதும் நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்பது மாதிரி இருந்தது. அதை அப்படியே எடுத்துச் சீட்டில் போட்டுவிட்டேன். உங்கள் குரல் எங்கள் கடைக்கு வந்த மாதிரி இருக்கட்டும் என்று.

வேறு யாருக்கும் தெரியாது. இப்போது நான் என்ன செய்ய?

சுண்டெலி

—

ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? தொண்டை நலமா? கோந்து தினமும் உதட்டைப் பிதுக்குகிறாள். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

கோபமா? நானும் உங்கள் குரலைத் திருடிவிட்டேனா? இதை எழுதியபோதுதான் அந்த நினைப்பே வந்தது. அப்படி என்றால் மன்னித்துவிடுங்கள். என்னிடம் உங்கள் குரல் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

விசாரணை செப்டம்பரில். வகுப்பில் ஒருத்தி "உங்கப்பா ஜெயிலுக்குப் போவாராமே, ஜெயில்ல நெட் இருக்குமா?" என்று கேட்டாள். கோந்து அவள் தலையில் பிசினைத் தடவிவிட்டு முட்டி போட்டாள். நானும் கூட முட்டி போட்டேன், சும்மா.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

சுண்டெலி

—

ஆகஸ்ட் 2

சுண்டெலி,

நலம். தொண்டைக்கு இப்போது நல்ல ஓய்வு. வெந்நீர் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. சில பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

நீ திருடவில்லை. அந்த வரி பிறந்த கதையைச் சொல்கிறேன். 'வீட்டுத்திரை' நம் கம்பெனியுடையதுதான். அவர்கள் எழுதிக் கொடுத்தது, 'வீட்டிலிருந்தபடியே புதிய திரைப்படங்களைக் கண்டு மகிழுங்கள்'. பிணம் மாதிரிக் கிடந்தது. எத்தனை முறை சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. "நீங்களே ஏதாவது சொல்லுங்க"ன்னு ஒலிப்பதிவாளர் சொன்னார். கண்ணை மூடினேன். உன் அப்பா தெரிந்தார். சினிமாவுக்குக் கிளம்பும் அன்றெல்லாம் வீட்டில் எல்லோரும் வாசலில் நிற்போம்; அண்ணன் மட்டும் கட்டிலுக்கு அடியில் குனிந்து "எவன்டா என் செருப்பை எடுத்தது?" என்று கத்திக்கொண்டிருப்பார். அது காலிலேயே இருக்கும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆக, எங்கள் வீட்டிலிருந்து நான் எடுத்தேன். என்னிடமிருந்து கம்பெனி எடுத்தது. கம்பெனியிடமிருந்து நீ வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாய்.

அந்த மஞ்சள் சீட்டு ஒன்றும் வக்கீலம்மாவின் முகவரியும் அனுப்பு. இனிமேல் உறையின் பின்பக்கம் இருக்கும் புது முகவரிக்கு எழுது.

அத்தை

—

ஆகஸ்ட் 10

அன்புள்ள அத்தைக்கு,

சீட்டும் முகவரியும் இதற்குள் இருக்கின்றன. நீங்கள் நலம்தானே? புது முகவரியில் அறை எண்ணோடு 'மாடிப்படிக்குக் கீழே' என்று இருக்கிறதே, வீடு மாறிவிட்டீர்களா? தொண்டைக்கு ஓய்வு என்று எழுதினீர்கள். வலியா?

இன்றைக்கு நான் ஒரு வேலை செய்தேன். பள்ளி விட்டதும் நேராக வக்கீலம்மாவிடம் போனேன். படிக்கட்டில் இரண்டு முறை திரும்பி இறங்கிவிட்டேன், மூன்றாவது முறை மேலே போய்விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்போ கம்பெனியே சொன்ன வரிக்குக் கம்பெனியே கேஸ் போட்டிருக்கு! அடிப்பாவி, இதை இத்தனை நாள் எங்க வச்சிருந்த?"

"ஃப்ரிட்ஜுல" என்று வாயில் வந்துவிட்டது.

"பதிவு வேணும். அதைப் பேசினவங்க வேணும். வருவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வருவீர்களா?

வீட்டில் அப்பாவிடம், "சீட்டை நான் எழுதினேன்னு வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க சத்தியம் பண்ண வேணாம்" என்றேன். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். "எங்கேருந்து பிடிச்ச அந்த வரியை?"

"ரேடியோல."

யார் குரல் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரிடம் பயமில்லாமல் பேசியது எனக்கு இதுதான் முதல் தடவை. ஃப்ரிட்ஜ் இப்போது கத்துகிறது. கத்தட்டும்.

சுண்டெலி

—

ஆகஸ்ட் 24

செல்லச் சுண்டெலிக்கு,

நலம். தொண்டைக்கு வலி இல்லை, ஓய்வுதான். இந்த அறை சிறியது, ஆனால் ஜன்னல் வழியாக ஒரு பள்ளி மைதானம் தெரிகிறது. மாடிப்படியில் யார் ஏறினாலும் என் தலைக்கு மேல் நடப்பதால் தனிமை என்ற பேச்சே இல்லை.

ஒலிப்பதிவாளர் எதையும் அழிக்கிற ஜாதி இல்லை, நான் தும்மியதைக்கூட வைத்திருக்கிறார். பதிவு கிடைத்துவிட்டது. வக்கீலம்மாவோடும் பேசிவிட்டேன். தூரம் அதிகம் என்பதால் இங்குள்ள கோர்ட் அறையிலிருந்தே திரையில் சாட்சி சொல்லலாமாம்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். திருட்டுப் படம் பற்றிய என் பேச்சில் ஓர் எழுத்தும் மாறவில்லை. என் வாயால் வந்த வரிக்கு வேறொருவர் தண்டனை வாங்கக் கூடாது. அதற்காக வருகிறேன்.

அண்ணனிடம் சொல்லாதே. சொன்னால் வேண்டாம் என்பார், நானும் சரி என்றுவிடுவேன்.

அத்தை

—

செப்டம்பர் 16

என் அருமை அத்தைக்கு!

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நேற்று உங்கள் திரையில் நீதிபதி அம்மா முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். மற்றதை நான் சொல்கிறேன். வராதே என்று அப்பா சொல்லியும் தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கம்பெனியின் நரைமீசை வக்கீல் எழுந்து மஞ்சள் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "'செருப்பைத் தேடாதீங்க, சோபாவைத் தேடுங்க!' இது திருட்டுக்கு வெத்திலை பாக்கு வச்சு அழைக்கிறது இல்லாம வேற என்ன?" என்று அதை நான்கு தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் நான் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தேன். உங்களைப் போலச் சொல்ல அவருக்கு வரவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

வக்கீலம்மா சாட்சியைத் திரையில் கூப்பிடச் சொன்னார். கம்பெனிப் பக்கமிருந்து யாரோ வருகிறார்கள் என்று மட்டும்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா யாரோ கணக்கர் என்று நினைத்துக்கொண்டார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கோர்ட் ஊழியர் பெட்டியை ஒரு தட்டு தட்டினார், அதற்கும் சுற்றியது. நீதிபதி அம்மா, "இத்தனை பேர் இருக்கீங்க, நெட் தெரிஞ்சவங்க ஒருத்தர் இல்லையா?" என்று கேட்டார். அறை மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

நரைமீசை துள்ளி எழுந்தார். "அவர் பிரதிவாதி!"

"பிரதிவாதிக்குக் கை இருக்கில்ல?" என்றார் நீதிபதி.

அப்பா மேசைக்கு அடியில் புகுந்தார். கம்பியின் முனையைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் செருகினார். திரையில் நீங்கள் வந்தீர்கள். "வணக்கம்" என்றீர்கள். மேசை குலுங்கியதே, உங்களுக்குக் கேட்டதா? அது அப்பாவின் தலை. அதன் பிறகு அவர் வெளியே வரவில்லை அத்தை. நீங்கள் பேசி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து கம்பி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பிடிச்சாதான் நிக்குது"ன்னு சொன்னார். பொய். அது நன்றாகவே செருகியிருந்தது.

உங்கள் பதிவைப் போட்டார்கள். பெரிய அறையில் உங்கள் குரல். நரைமீசை நான்கு தடவை கொன்ற வரி எழுந்து நடந்தது. முடிவில் 'காசு கட்டுங்க, கவலையில்லாமப் பாருங்க, வீட்டுத்திரை' என்றும், கூடவே கம்பெனியின் பெயரும். நீதிபதி அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. அந்த வரி அப்பாவின் செருப்பிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னபோது எல்லோரும் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள்.

நரைமீசை சுதாரித்துக்கொண்டு, "நீங்க இவருக்குத் தங்கச்சி. காப்பாத்த வந்திருக்கீங்க" என்றார். அதற்கு நீங்கள் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "மூணு வருஷமா பேச்சு வார்த்தை இல்லீங்க. திருடறவங்க லைனை வெட்டச் சொன்னேன், வெட்டல. அந்தக் கோவம் இன்னிக்கும் இருக்கு. ஆனா ஆளைக் கூப்பிட்டது அவர் இல்ல. உங்க கம்பெனிக்காக நான் கூப்பிட்டேன்."

இதோடு உங்கள் திரையை அணைத்துவிட்டார்கள். இனி எழுதுவது நீங்கள் கேட்காதது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அடுத்து தையல்காரம்மா கூண்டில் ஏறினார். "கேபிள்காரர் உங்களைத் திருட்டுப் படம் பாக்கச் சொன்னாரா?" என்று வக்கீலம்மா கேட்டதும், "அய்யய்யோ, சொன்னாரா! திட்டுவாரும்மா! மூணு வருஷத்துக்கு முன்னாடி வீடு வீடா வந்தாரு. எங்க மாப்பிள்ளையைக் கட்டில்லேருந்து எழுப்பி உக்கார வச்சு, 'அது என் தங்கச்சி பகல் பூரா அழுத அழுகைடா. காசு குடுத்துக் கேளு, இல்லாட்டி காதைப் பொத்திக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எங்க மாப்பிள்ளை உக்காந்து நான் பாத்தது அன்னிக்குத்தான்!" என்றார்.

அத்தை, எந்த நாள் என்று பிறகு தையல்காரம்மாவிடம் கேட்டேன். நீங்கள் சாப்பிடாமல் போனதற்கு மறுநாள் அது. எங்கள் யாரிடமும் அப்பா சொன்னதே இல்லை.

தீர்ப்பு பிறகு வருமாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா நெற்றியில் இருந்த புடைப்பைத் தடவிக்கொண்டே வந்தார். "வலிக்குதாப்பா?" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

வெற்றி வந்தாலும் வராவிட்டாலும்,
உங்கள் சுண்டெலி

—

அக்டோபர் 21

தங்கச்சிக்கு,

அண்ணன். இங்கே நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவார்கள். எனக்கு ஆவல் இல்லை, கவலைதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஜெயித்துவிட்டோம். கம்பி கொடுத்தவன் அந்தக் கம்பியில் போகும் ஒவ்வொருவருக்கும் ஜாமீன்தாரன் இல்லை என்று நீதிபதி அம்மா வாசித்தார். சிலர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்திருப்பது மட்டும் குற்றத்தில் பங்கு ஆகாது. அவன் அதைத் தூண்டியிருக்க வேண்டும், அல்லது அதற்காகவே கடை போட்டிருக்க வேண்டும். இவர் தூண்டவில்லை, திட்டியிருக்கிறார் என்றார். திருடியவர்கள் மேல் கம்பெனி தனியாக வழக்குப் போடலாம், கோர்ட் கேட்டால் நான் விவரம் தர வேண்டும். அது சரிதான், தருவேன்.

தெருவில் ஒரே கூத்து. ஏணியோடு என்னைத் தூக்கிவிட்டார்கள். சுண்டெலி கடைப் பலகை மேல் ஏறி நின்று அந்த வரியைக் கத்தினாள். தையல்காரம்மாவின் மாப்பிள்ளை இப்போது காசு கட்டிப் படம் பார்க்கிறான். பார்த்துவிட்டுத் தியாகி மாதிரித் திரிகிறான்.

நீ அன்றைக்குக் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் வெட்ட மாட்டேன். ஆனால் உன்னைச் சாப்பிட வைத்து அனுப்பியிருப்பேன்.

கவலை இதுதான். நன்றி சொல்ல ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டேன். சாட்சி சொல்வதாக நீ வாயைத் திறந்த அன்றே கம்பெனி உன்னை வெளியே அனுப்பிவிட்டதாமே. ஜூலையிலிருந்து நீ மைக் முன்னால் நிற்கவே இல்லையாமே. தொண்டைக்கு ஓய்வு என்று நீ எழுதியதைச் சுண்டெலி இப்போதுதான் எடுத்துக் காட்டினாள். காட்டிவிட்டு அழுதாள். நான் அழவில்லை, புடைப்பு வலித்தது.

வீட்டுக்கு வா.

அண்ணன்

—

டிசம்பர் 9

அண்ணனுக்கும் அண்ணிக்கும் சுண்டெலிக்கும்,

உடம்பு நலம். தொண்டை நலமில்லை! கட்டிக்கொண்டு, கரகரத்து, மூன்று வேளையும் வெந்நீர் கேட்கிறது. எனக்கு இதைவிட நல்ல சேதி எழுதத் தெரியாது.

வழக்கைப் பற்றி உங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதியதை இங்கேயும் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் என் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். முதல் படம் எடுக்கிறாளாம். "செருப்பம்மா நீங்கதானா?" என்று கேட்டாள். செருப்பால் அடிப்பது மாதிரி இருந்தாலும் ஆமாம் என்றேன். கதாநாயகிக்கு நான்தான் குரல். இந்த முறை அழுகையே இல்லை, படம் முழுக்க வாய் ஓயாமல் சண்டை. பழைய கோபமெல்லாம் வேலைக்கு ஆயிற்று. அடுத்த படத்துக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

வேலை போனதை எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் சாட்சி வேண்டாம் என்று சுண்டெலியே தடுத்திருப்பாள்.

படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. வியாழன் மாலை வருகிறேன். முதல் காட்சி, தியேட்டரில், எல்லோரும், காசு கொடுத்து. மாப்பிள்ளையையும் கட்டிலோடு தூக்கி வரவும்.

இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

தங்கச்சி

—

வியாழன் இரவு

பக்கத்து அறையில் தூங்கும் அத்தைக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். நீங்கள் நலம். பார்த்தேன். தொண்டை நலமில்லை, கேட்டேன். விசாரிக்க ஒன்றும் பாக்கி இல்லாமல் கடிதம் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது.

விளக்கைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். "யாருக்கு எழுதற?" என்றார். "அத்தைக்கு" என்றேன். "விடிஞ்சா பேசலாமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃப்ரிட்ஜ் மூடியே இருக்கிறது. அதற்கும் இன்றைக்குத்தான் நிம்மதி.

சாப்பாட்டு மேசையில் நீங்களும் அப்பாவும் மறுபடி அதே சண்டையை ஆரம்பித்தபோது எனக்கு ஒரு நிமிடம் பக்கென்றது. நீங்கள் "தெரிஞ்சும் சும்மா இருக்கறது தப்புதான்" என்கிறீர்கள், அப்பா "சும்மாவா இருந்தேன்? வீடு வீடா போய்த் திட்டினேன்" என்கிறார். ஆனால் இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே சண்டை போட்டீர்கள். நீங்கள் இரண்டாம் தடவை குழம்பு கேட்டீர்கள். அம்மா என் காலை மேசைக்கு அடியில் தட்டினாள்.

இதை உங்கள் தலையணைக்கு அடியில் வைக்கப் போகிறேன். எழுந்ததும் முதலில் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

அப்பாவின் செருப்பை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையில் நாம் எல்லோரும் வாசலில் நிற்போம். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து கத்துவார். அப்போது நீங்கள் அந்த வரியைச் சொல்ல வேண்டும், முதல் பாதியை மட்டும். சோபாவை யாரும் தேட வேண்டாம். நாம் தியேட்டருக்குப் போகிறோம்.

செருப்பு உங்கள் பைக்குள் இருக்கிறது.

பயமில்லாமல்,
சுண்டெலி